ஐயாயிரத்து இருநூறு

இஷ்பெமிங்கில் ஏப்ரல் என்பது
காலண்டரில் மட்டும் வந்துபோகும் மாதம்.
வெளியே இன்னும் முழங்கால் பனி.
விடியற்காலை மூன்றரைக்கு
கவுண்டியின் பனிவாரி வண்டியில் ஏறி
நெடுஞ்சாலையைச் சுரண்டிக்கொண்டே போகிறேன்.
இருபத்திரண்டு குளிர்காலமாய்
சாலையைத் திறந்துவிடுவது என் வேலை.
திறந்த சாலையில் போவது மற்றவர்கள்.

ஷேன் பெல்ட்டியரின் கடையில் இரண்டு நிற்கின்றன.
ஒன்று பழையது, கறுப்பு, ஏழு வயது.
டாங்கின் இடப்பக்கம் ஒரு நசுங்கல்;
என் கட்டைவிரல் அதில் கச்சிதமாய்ப் பொருந்துகிறது.
ஒன்பதாயிரத்து நானூறு.

மற்றது புதியது, ஒயின் சிவப்பு.
தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி,
காலை முன்னே நீட்டிவிட்டால்
நாட்டையே வரவேற்பறையாக்கிக்கொள்ளலாம்.
பதினான்காயிரத்து அறுநூறு.

நடுவில் கிடக்கும் ஐயாயிரத்து இருநூறைத்தான்
பிப்ரவரியிலிருந்து
உப்பு லோடு ரசீதுகளின் முதுகில்
கூட்டியும் கழித்தும் பார்க்கிறேன்.
அது கீழறையில் இருமிக்கொண்டிருக்கும் கொதிகலன்.
அது என் கடைவாய்ப் பற்கள் மூன்று
(போகட்டும், இடப்பக்கமாய் மென்று பழகிவிட்டது).
ஓட்டக்கூடிய நாட்களால் வகுத்தேன்:
மே கடைசி முதல் அக்டோபர் முதல் வாரம் வரை,
மழை நாள் நீக்கி, கொசு நாள் நீக்காமல்,
வருடத்துக்கு எழுபது.
பத்து வருடம் ஓட்டினால்
நாளுக்கு ஏழு டாலர் நாற்பத்து மூன்று சென்ட்.
இரண்டு காபி, ஒரு டோநட்.
அறுபத்தேழு வயதுவரை
இடுப்பு ஒத்துழைத்தால்.

எப்படிப் போட்டாலும்
நான் விரும்பிய பக்கமே சாய்ந்தது கணக்கு.
தராசுத் தட்டில் விரல் வைத்திருப்பவனும்
எடை பார்ப்பவனும் ஒரே ஆள்.

பத்தொன்பது வயதில்
நெகோனி பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தேன்.
ஒரு பெண் வந்து நிறுத்தினாள்,
தோல் சட்டை முழுக்க ஏரிப் பூச்சிகள்.
கனடா எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு
கழிவறைக்குப் போனாள்.
அணைத்த எஞ்சின்
டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.
ஓடும் சத்தமல்ல,
ஓடிவிட்டு வந்த சத்தம்.
அதைத்தான் நான் கேட்டேன்.
அவ்வளவுதான் நடந்தது.

பெரிய காரணம் ஒன்று கைவசம் இருந்தது: வெர்னா.
பழையதன் பின்னிருக்கை ரொட்டித் துண்டு அளவு.
புதியதில் முதுகுக்குச் சாய்மானம், காலுக்குப் பலகை.
"உனக்காகத்தான் யோசிக்கிறேன்" என்றேன்,
சனிக்கிழமை இரவு, சவுனாவில்,
சூட்டுக் கல்மேல் தண்ணீர் ஊற்றியபடி.
ஆவி அடங்கும்வரை அவள் பேசவில்லை.
"ரெய்னோ, நான் ஏறப்போவதில்லை.
எதிலும்.
எனக்குப் பயம்.
முப்பது வருடத்தில் ஒருமுறை கேட்டிருந்தால்
சொல்லியிருப்பேன்."
அகப்பையை என்னிடமிருந்து வாங்கி
இன்னொரு தரம் ஊற்றினாள்.
"வேண்டுமென்றால் வாங்கு.
என்னைப் பின்னால் உட்காரவைத்து வாங்காதே."

அந்த ஐயாயிரத்து இருநூறு
அன்றைக்குத்தான் எங்கள் இருவரைப் போலவே
துணியில்லாமல் உட்கார்ந்திருந்தது.

நான்கு பத்து.
ஷேனின் கடை. கண்ணாடிக்குப் பின்னால்
விளக்கை எரியவிட்டுப் போயிருக்கிறான்.
என் பிளேடு தள்ளிய பனி
அவன் வாசலை இடுப்புயரம் அடைத்து நிற்கிறது.
வழக்கமாய் அப்படியே விட்டுப் போவோம், விதி அதுதான்.
ரிவர்ஸ் எடுத்து
அதையும் ஒதுக்கினேன்.
கறுப்பில் என் கட்டைவிரல் இடம் தெரிந்தது.
மலிவு, நியாயம்,
எவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.
சிவப்பைப் பார்த்தேன்.

"எனக்கு அது வேண்டும்" என்று
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
எனக்கு என்ற சொல்
பல் இல்லாத பக்கம் மாட்டிக்கொண்டது.
மைக் பொத்தானில் கை இருந்ததைக் கவனிக்கவில்லை.

"ஏழாம் வண்டி," கட்டுப்பாட்டு அறையிலிருந்து மார்வா,
தூக்கக் குரல்,
"என்ன வேண்டும்? உப்பா, மணலா?"

"சிவப்பு" என்றேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"கவுண்டியிடம் அது இல்லை" என்றாள்.

தெரியும் என்று சொல்லி
பிளேடை இறக்கினேன்.